எச்சரிக்கை: ‘கேமிங் போன்’ என்று விற்றார்கள், மூன்றாவது விரலைத் திரை அறியவே இல்லை

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் ஓர் இணையச் சந்தையில், அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி ‘கேமிங் போன்’ ஒன்று வாங்கினேன். ஏமாற்றிவிட்டார்கள்.

கண்ணாடித் திரையில் விளையாடுவதன் தொல்லை ஆடுபவர்களுக்குத் தெரியும். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தடவி அறிய ஒரு மேடு பள்ளம் கிடையாது. எதிரி நிற்கும் இடத்தையே கட்டைவிரல்கள் மறைத்துவிடும். இதற்காகத்தான் 2018இல் வந்த அசுஸ் ஆர்ஓஜி போன், ஆள்காட்டி விரல்களுக்கென்று விளிம்பில் மீயொலி உணரிகளை வைத்தது. 2020இல் பிளாக் ஷார்க் 3 ப்ரோ, மேலெழும் பொத்தான்களையே கொடுத்தது. நான் பார்த்த விளம்பரமும் அதே பாணியில்தான் இருந்தது: தோள் பொத்தான்கள் (விளிம்பில் ஆள்காட்டி விரல்களுக்கான பொத்தான்கள்), 720 ஹெர்ட்ஸ் தொடு உணர்வு, ஒரே சமயத்தில் 10 விரல்கள்.

விளம்பரத்தை மட்டும் நம்பி நான் பணம் கட்டவில்லை. உரையாடல் பெட்டியில் விற்பனையாளரிடம் பேசினேன். அவர் எடுத்த எடுப்பில் விலையைப் பேசவில்லை, “எத்தனை விரல்களால் ஆடுவீர்கள்?” என்று கேட்டார். ஆடத் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார் என்று நினைத்தேன். நான்கு என்றேன். “அப்படியானால் இது உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். நானும் நான்கு விரல்தான்” என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்த கையோடு பணம் கட்டினேன்.

போன் வந்தது. இடது கட்டைவிரலால் ஓடிக்கொண்டே வலது கட்டைவிரலால் குறிபார்த்து, தோள் பொத்தானை அழுத்தினால் சுடவில்லை. சில சமயம் ஓட்டமும் நின்றுவிட்டது. விளையாட்டின் கோளாறாக இருக்குமோ என்று அமைப்புகளுக்குள் போய், மென்பொருள் பதிப்பைக் காட்டும் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி, மென்பொருள் எழுதுபவர்களுக்கென்று மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் பகுதியைத் திறந்தேன். அங்கே ‘பாயிண்டர் லொகேஷன்’ என்ற வசதி உண்டு. அதை இயக்கினால், திரை எத்தனை விரல்களை உணர்கிறது என்று மேலே எண்ணாகவே காட்டும். ஐந்து விரல்களை வைத்தேன். 2 என்று காட்டியது. தோள் பொத்தானைத் தொட்டால் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி தோன்றுகிறது. அதாவது அதுவும் அந்த இரண்டில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. இரண்டு தோள் பொத்தான்களையும் பிடித்தால் கட்டைவிரல்களுக்கு வேலையே இல்லை. அரை மாதச் சம்பளத்துக்கு இரண்டு விரல்!

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் “கை வியர்த்திருக்கும், துடைத்துவிட்டு ஆடுங்கள்” என்றார்கள். அடுத்து, திரையில் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிதான் காரணமாம். நான் ஒட்டவே இல்லை என்றேன். “அப்டேட் வரும்” என்றார்கள். காணொளி கேட்டார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன், வேறொருவர் வந்து முதலிலிருந்து கதை கேட்டார். நான்கு விரல் நண்பரோ மறைந்தே போனார். இத்தனைக்கும் நடுவில், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று சந்தையிலிருந்து செய்தி. அவர்களிடம் முறையிட்டேன். “விளம்பரத்தில் உள்ளபடியே பொருள் இருக்கிறது” என்று புகாரை மூடிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், ‘10 விரல்கள்’ என்ற வரியை விளம்பரத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்திருக்கிறார்கள். 720 மட்டும் அப்படியே பளபளக்கிறது.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பெட்டியைப் பிரித்ததும் மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள், அதைப் படம்பிடித்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே திரைப்பிடிப்பு எடுங்கள். ஹெர்ட்ஸ் கணக்கில் மயங்காதீர்கள்: 720 என்பது தொடுதலை நொடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பது, திரை படத்தை மாற்றும் வேகம் வேறு. எந்த எண் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். காணொளி அனுப்பச் சொல்லி இழுத்தடித்தால் காத்திருக்காமல் அன்றே திருப்பி அனுப்பப் பதிவு செய்யுங்கள்.

அரை மாதச் சம்பளம் போனது போனதுதான். வங்கியில் அட்டைப் பரிவர்த்தனைக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.