ஆஸ்பத்திரி வாசலில் எந்தச் சட்டம் செல்லும்?

மருத்துவம் அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமையா என்று யாராவது கேட்டால், ‘எந்த நாட்டில்?’ என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஆமாம், எழுத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் எழுத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் இருப்பதாகச் சொன்னதால் இருக்கிறது. பிரிட்டனில் ஒரே நூலாக எழுதிய அரசியலமைப்பே கிடையாது. சாதாரணச் சட்டம் ஒன்று அந்த வேலையைப் பார்க்கிறது. அமெரிக்காவில் இல்லை, ஒரு விநோதமான விலக்கைத் தவிர.

அந்த விநோதத்திலிருந்தே தொடங்கலாம். அரசு என்ன செய்யக் கூடாது என்று சொல்வதில்தான் அமெரிக்க அரசியலமைப்பு கறார். என்ன செய்து தர வேண்டும் என்பதைப் பற்றி அது அதிகம் வாய் திறப்பதில்லை. 1944இல் அதிபர் ரூஸ்வெல்ட் மருத்துவத்தையும் சேர்த்து இரண்டாவது உரிமைப் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார், பேச்சோடு போயிற்று. ஆனால் 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சிறைக்கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது எட்டாவது திருத்தம் தடைசெய்த கொடூரத் தண்டனைக்குச் சமம் என்றது. ஆக, அரசின் பிடியில் அடைபட்டிருப்பவர் அரசியலமைப்பைக் காட்டி டாக்டரைக் கேட்கலாம்; வெளியே நடமாடுபவர் கேட்க முடியாது. அவருக்கு இருப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம்: அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்காமல் அனுப்பக் கூடாது. பில் வராது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை!

பிரிட்டன் இதற்கு நேர் எதிர். 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது யாரும் உரிமை என்று முழங்கி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வரிப்பணம், மருத்துவமனை, ஊழியர் மூன்றும் சேர்ந்து வந்தன. சட்டம் சாதாரணச் சட்டம்தான். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால் நாளைக்கே கலைக்கலாம். அதைக் கலைத்துவிட்டு அடுத்த தேர்தலைச் சந்திக்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை என்பதுதான் அதன் காவல். கனடாவிலும் ஏறக்குறைய இதே கதை. ஆனால் 2005இல் கியூபெக் மாகாண வழக்கு ஒன்றில் கனடா உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைத்ததாகாது என்று எழுதினார்கள். சாதாரணச் சட்டத்தை நம்பும் இந்த வழிக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது.

இந்தியாவுக்கு வருவோம். பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. 37ஆவது பிரிவின்படி அதைக் காட்டி நீதிமன்றப் படியேற முடியாது. ஆகவே நீதிபதிகள் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவுக்குள் மருத்துவத்தையும் சேர்த்துப் படித்தார்கள். இதில் முக்கியமானது 1996இல் தீர்ப்பான மேற்கு வங்க வழக்கு. 1992 ஜூலையில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. ஒரு இடத்தில் வசதி இல்லை, இன்னொரு இடத்தில் படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனைதான் காப்பாற்றியது. நிதி இல்லை என்பது இதற்குச் சாக்காகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, விபத்து நடந்து ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து.

இந்தத் தீர்ப்பை மறு வருடமே தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்து அலசியது என்பது எனக்கு மிகவும் சுவாரசியமான விஷயம். அங்கே 27ஆம் பிரிவு மூன்று பகுதியாக இருக்கிறது: எல்லோருக்கும் மருத்துவ சேவை பெறும் உரிமை உண்டு, அரசு தன்னிடம் உள்ள வளங்களுக்குள் படிப்படியாக அதை நிறைவேற்ற வேண்டும், அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. டர்பனில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர், கையிலிருந்த பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு, பிறகு அரசு மருத்துவமனைக்கு வந்தார். அங்கே இருந்தவை இருபது மெஷின்கள், சில பழுதானவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்குத்தான் நீண்டகால டயாலிசிஸ் என்பது விதி. இவருக்கு இதய நோயும் இருந்ததால் தகுதி இல்லை. இவர் கல்கத்தா வழக்கைப் போன்றவர் அல்ல, அது திடீர் விபத்து, இது தொடர்ந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும் சிகிச்சை என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டி, மனுவைத் தள்ளியது. தீர்ப்பு வந்து சீக்கிரமே அவர் இறந்துபோனார். உரிமை எழுத்தில் இருந்த நாட்டில்தான் இது நடந்தது.

அப்படியானால் எழுதி வைத்து என்ன பயன் என்று சிலர் இங்கேயே கடையைக் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் அதே நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிப்பதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றுவதைக் குறைக்கும் நெவிரபின் மருந்தை, தயாரிப்பு நிறுவனமே ஐந்து வருடம் இலவசமாகத் தருகிறேன் என்றது. தென்னாப்பிரிக்க அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே 27ஆம் பிரிவைக் காட்டி அதே நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. பணமில்லை என்ற அரசிடம் தோற்ற பிரிவு, மனமில்லை என்ற அரசிடம் ஜெயித்தது.

பிரேசில் இன்னும் தாராளம். சுகாதாரம் எல்லோருடைய உரிமை, அரசின் கடமை என்று 1988 அரசியலமைப்பில் எழுதினார்கள். பிறகு தனித்தனி நோயாளிகள் விலை உயர்ந்த மருந்து கேட்டு வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள், நீதிபதிகளும் கொடுக்கச் சொன்னார்கள். வக்கீல் வைக்கத் தெரிந்தவர் முந்திக்கொள்கிறார் என்ற புகார் அங்கே வெகுநாளாக உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகாத மருந்தைத் தரும்படி பொதுவாக அரசுக்கு உத்தரவிட முடியாது என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கொஞ்சம் கடிவாளம் போட்டது.

சரி, எனக்கு எது வேண்டும் என்றால்: அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்ற அந்த ஒற்றை வரி அரசியலமைப்பிலேயே இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் நர்ஸுக்கும் புரியும் வரி அது. அன்றாட மருத்துவத்துக்கு பிரிட்டனைப் போல பட்ஜெட்டோடு வரும் சட்டம் போதும். அகலமான உரிமையையும் விட்டுவிட மாட்டேன். நெவிரபின் மாதிரி ஒரு வழக்குக்கு அது வேண்டியிருக்கும். அப்புறம் அந்த டர்பன் நோயாளி? இந்த ஏற்பாட்டிலும் அவருக்கு இடம் கிடைத்திருக்க வேண்டுமானால் இருபத்தோராவது மெஷின் ஒன்று இருந்திருக்க வேண்டும்.