பத்துக்கு நாலு அடி மண்: பனி ஊரில் எதை நடலாம்?

டொரொண்டோவில் வீடு வாங்கியிருக்கும் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அப்பா, பின்பக்கம் பத்துக்கு நாலு அடி மண் இருக்கு. வருஷா வருஷம் விதைக்க நேரமில்லை. ஒரு தடவை நட்டா திரும்பத் திரும்ப வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க." பெரம்பூர் மொட்டை மாடியில் சாக்குப் பையில் சேனை போடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஆனால் ஒரு வருஷம் மே முதல் அக்டோபர் வரை அவளோடு தங்கி, அங்கே கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சமைத்துப் பார்த்தவன் என்ற தைரியத்தில் பதில் சொன்னேன்.

முதலில் ஓக்காவைக் கழித்தேன். ஆண்டீஸ் மலைக் கிழங்கு, நம் புளியாரைக்குச் சொந்தம். பகல் பொழுது சுருங்கி, செப்டம்பர் தாண்டிய பிறகுதான் கிழங்கு பிடிக்கும். அங்கே அக்டோபரிலேயே உறைபனி விழுந்து செடி கருகிவிடும். கோலிக்குண்டு அளவுக்குத் தேறினால் அதிர்ஷ்டம்.

ஆஸ்பாரகஸ் நம் தண்ணீர்விட்டானின் பங்காளி. நாம் கிழங்கை எடுக்கிறோம், அவர்கள் தளிரை ஒடிக்கிறார்கள். தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் பீன்ஸ் தோற்கும். ஆனால் நட்டு இரண்டு மூன்று வருஷம் கை வைக்கக் கூடாது. பிறகும் வசந்தத்தில் ஆறேழு வாரம்தான் அறுவடை. மீதி நாள் தழையை விட்டுவிட வேண்டும், வேருக்குச் சாப்பாடு சேர்வது அப்போதுதான். பராமரித்தால் பதினைந்து வருஷம் நிற்கும். வாடகை வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

ஜெருசலேம் ஆர்ட்டிசோக் ஒரு கிழங்கு. ஜெருசலேமோடும் உறவில்லை, ஆர்ட்டிசோக் என்ற காய்கறியும் அல்ல. சூரியகாந்தியின் தம்பி. அமெரிக்கப் பூர்வகுடிகள் இதைப் பயிரிட்டதை 1605-லேயே ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்டு காய்ந்த பிறகும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். குளிர் ஏற ஏற இனிக்கவும் செய்யும். மேலே வைக்கோல் மூடி வைத்தால் வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம், மண்ணே ஃபிரிட்ஜ். நம் சேனைக்கு நேரெதிர்: சேனை வெளியே வாரக்கணக்கில் தாங்கும், இது தோண்டிய சில நாளிலேயே வதங்கும். பார்க்க இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். வறுவலுக்கு அருமை, சாம்பாரில் போட்டால் கரைந்துவிடும். இதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து செரிக்காமல் குடலில் நொதிப்பதால் வாயு பிடிக்கும். முதல் நாள் ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க யாரும் யாரிடமும் பேசவில்லை. பெருங்காயம் எவ்வளவு போட்டும் பலனில்லை. இன்னொரு தொல்லை, விரல் நுனி அளவு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த வருஷம் முளைத்து பாத்தியையே பிடித்துக்கொள்ளும். பெரிய டப்பில் போட்டால்தான் அடங்கும்.

ரூபார்ப் கிழங்கல்ல, சிவந்த காம்பு. வெளிநாட்டார் சர்க்கரை கொட்டி 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்கிறார்கள். நமக்கு அது புளிச்சக்கீரைக்கு மாற்று. துவரம்பருப்போடு கடைந்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்தால் புளியே வேண்டாம். தொக்கும் கிளறலாம். இலையை மட்டும் தொடவே கூடாது. சேனை அரிக்கும், அவ்வளவுதான். இந்த இலை விஷம். காம்பிலும் ஆக்சாலிக் அமிலம் உண்டு, அதனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒதுங்குவது நல்லது. முதல் வருஷம் காம்பு ஒடிக்காமல் விட்டால் போதும், அப்புறம் பல வருஷத்துக்குக் கவலையில்லை.

என் ஓட்டு ரூபார்ப்புக்கு: மூலையில் இரண்டு செடி. மீதி இடம் ஆஸ்பாரகஸுக்கு, சொந்த வீடாயிற்றே. வேலியோரம் ஒரு டப்பில் ஆர்ட்டிசோக்.

"டப் வேண்டாம்பா," என்றாள். அந்த ராத்திரியை அவளும் மறக்கவில்லை.