பீரங்கிக் குழலை வாங்கலாம், வண்டியை நாமே செய்யலாம்

மாதிரிக் கப்பலின் உடல் முடிந்து, தளம் பதித்து, பீரங்கி ஜன்னல்களையும் வெட்டிய பிறகுதான் கிட் பெட்டியின் (பாகங்கள் எல்லாம் சேர்ந்து வரும் பெட்டி) அடியில் கிடக்கும் அந்தப் பையைப் பிரிக்கிறோம். உள்ளே ஒரு பிடி குட்டிப் பீரங்கிகளும் அவற்றைத் தாங்கும் சக்கர வண்டிகளும் இருக்கும். பெட்டிப் படத்தில் கம்பீரமாகத் தெரிந்தவை கையில் எடுத்தால் மனதுக்கு ஒப்புவதில்லை. இதையே பொருத்துவதா, வேறு வாங்குவதா, நாமே செய்வதா? நான் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். விக்டரியை 1:72 அளவில், அதாவது அசலில் 72-ல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்காக மற்ற வேலையை நாலு மாதம் நிறுத்திவைத்து, கைக்கு எட்டிய வழிகளை எல்லாம் செய்து பார்த்தேன். குழலை வாங்கிக்கொள்ளலாம், உழைப்பை வண்டியில் போட வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் அசல் கணக்கு. 1805-ல் டிரஃபால்கர் போருக்குப் போனபோது விக்டரியில் 104 பீரங்கிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் 32 பவுண்டர் 30, நடுத்தளத்தில் 24 பவுண்டர் 28, மேல்தளத்தில் 12 பவுண்டர் 30. அதற்கும் மேலே, வானம் பார்த்த இடத்தில், 12 பவுண்டர் 14, 68 பவுண்டர் காரனேடு என்ற குட்டைக் குழல் பீரங்கி 2. பவுண்டர் கணக்கு குண்டின் எடையை வைத்து வந்தது. 32 பவுண்டரின் குழல் நீளம் ஒன்பதரை அடி. வாயிலிருந்து பின்வளையம் வரைதான் இந்த அளவு. கடைசியில் இருக்கும் குமிழ் சேராது. 1:72-ல் அது 40 மி.மீ., வாய்த்துளை 2.3 மி.மீ. அதே பீரங்கி 1:98 கிட்டில் சுமார் 30 மி.மீ. நீளமும் 1.7 மி.மீ. துளையுமாகச் சுருங்கிவிடும். எந்தக் குழலையும் வாங்கும் முன் இந்த இரண்டு எண்ணையும் வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று தளத்துக்கும் ஒரே குழலைக் கொடுத்துச் சமாளிக்கும் கிட்டை இந்தச் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, குழல்கள். கிட்டோடு வரும் வெள்ளீயக் கலவை வார்ப்புக்குக் கூடுதல் செலவு கிடையாது. ஆனால் இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் குழலின் நீளத்துக்கு ஒரு கோடு ஓடும். அதை அரத்தால் சீவும்போது, குழலைச் சுற்றி இருக்கும் வளையங்களும் அந்த இடத்தில் சேர்ந்து தேய்ந்துவிடும். வாய்த்துளை பெரும்பாலும் ஒரு சின்னக் குழிதான், நாமே துளைக்க வேண்டும். உலோகம் மென்மையானதால் கை டிரில்லே போதும், ஆனால் மையம் தவறினால் அந்தக் குழல் வீண். பித்தளைக்கான கருப்பாக்கும் கரைசலும் இதில் சரியாகப் பிடிக்காது, பிரைமர் அடித்துப் பெயின்ட்தான். நாலைந்து பீரங்கி உள்ள சிறிய கப்பல் என்றால் பொறுமையாக உட்கார்ந்து இதையே நல்லதாக்கிவிடலாம். நூற்றைத் தாண்டும்போது ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடுகிறது.

லேத்தில் கடைந்தெடுத்த பித்தளைக் குழல்தான் என் தேர்வு. வளையங்கள் கூர்மையாக இருக்கும், துளை நடுவில் இருக்கும், பத்தை எடுத்தால் பத்தும் ஒரே அச்சு. இதற்குக் கருப்பு ஏற்றும் வேலையில்தான் கவனம் வேண்டும். அசிட்டோனில் கழுவி, சிறிது நேரம் வினிகரில் போட்டு எடுத்து, தண்ணீரில் அலசிய பிறகு வெறும் விரலால் தொடவே கூடாது. தொட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே வெளிறித் தெரியும். கரைசலை நேரடியாக ஊற்றாமல் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்தால் கருப்பு மெதுவாக, சீராக ஏறும். அவசரப்பட்டு அடர்த்தியாக வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்கட்டும். கடைசியில் மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் வளையங்களின் விளிம்பில் மட்டும் ஒரு மங்கிய பளபளப்பு வரும். பழைய இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்தது போல இருக்கும். பெயின்ட்டில் அந்தத் தோற்றத்தை என்னால் கொண்டுவர முடியவில்லை.

பித்தளைக் குழலில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, கடைசலில் வட்டமான உருவம்தான் வரும். விக்டரியின் 1805 காலப் பீரங்கிகள் தாமஸ் ப்ளோம்ஃபீல்டு வடிவமைத்த வகை. அதில் பின்குமிழுக்கு மேல் வடம் கோத்துக்கொள்ள ஒரு வளையம் இருக்கும். அது லேத்தில் வராது. மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரையும் இருக்காது. கப்பல் நீரில் இறங்கிய 1765-ம் ஆண்டுத் தோற்றத்தில் செய்கிறவர்களுக்கு வளையக் கவலை இல்லை, அந்தக் காலத்துக் குழல்களில் அது கிடையாது.

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது. குழலின் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில்தான் மொத்த எடையும் வண்டியில் உட்காரும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பீரங்கிகளில் இந்தக் காதுகள் குழலின் நடுக்கோட்டில் இல்லை, அதற்குக் கீழே இருந்தன. சில பித்தளைக் குழல்களில் காதுக்கான துளையை நட்டநடுவில் போட்டுவிடுகிறார்கள். விளைவு, குழல் வண்டிக்குள் புதைந்து உட்காரும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது.

இந்த இரண்டு குறையையும் தீர்ப்பது ரெசினில் எடுக்கும் த்ரீடி பிரிண்ட். முத்திரை, வடம் கோக்கும் வளையம், கீழே இறங்கிய காது என எல்லாம் ஒரே துண்டாக வரும். 1:48, 1:64 போன்ற பெரிய அளவில் செய்கிறவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அங்கே முத்திரை கண்ணுக்குத் தெரியும். என் 1:72-ல் மேல்தளத்து 12 பவுண்டர்களில் முத்திரை ஒரு சொரசொரப்பாகத்தான் வந்தது. பெயின்ட் ஏறியதும் அதுவும் போய்விட்டது. காதுகள் மெலிதாக இருப்பதால் வண்டியில் அழுத்தும்போது ஒடிகின்றன. பன்னிரண்டில் மூன்று ஒடிந்தன. அடுக்கடுக்காகப் பிரிண்ட் ஆவதால் வரும் படிக்கோடுகளைத் தேய்க்கப் போனால் நுணுக்கமும் சேர்ந்து தேய்கிறது. சொந்தமாகப் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் முழுதாக இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள். தோலுக்கு ஆகாது.

சொந்த லேத்தில் கடைவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரமும் பழக்கமும் இருந்தால் அதைவிட நிறைவான வேலை வேறில்லை. பீரங்கிக்காக மட்டும் லேத் வாங்க வேண்டாம்.

இனி வண்டி. மாதிரியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழல் கருப்பாக, உருண்டையாக இருந்தால் கண் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடும். வண்டியில் அப்படி ஏமாற்ற முடியாது. படிப்படியாக இறங்கும் இரண்டு பக்கப் பலகைகள், அச்சுக்கட்டைகள், நாலு சக்கரங்கள், குழலின் பின்புறத்தைத் தாங்கும் ஆப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். முன்சக்கரம் பெரியது, பின்சக்கரம் சிறியது. கப்பலின் தளம் நடுவில் உயர்ந்து ஓரத்தை நோக்கிச் சரிவதால், அதைச் சமன்செய்யத்தான் இந்த வித்தியாசம். பக்கப் பலகைகளும் இணையாக நிற்பதில்லை. குழல் பின்னால் தடிமனாவதால் அவையும் பின்பக்கம் விரியும்.

கிட்டில் வரும் ஒரே வார்ப்பு வண்டியில் இதெல்லாம் இல்லை. இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள வெற்றிடம்கூட அடைத்தே இருந்தது. அதை நான் ஒதுக்கிவிட்டேன். லேசரில் வெட்டிய ப்ளைவுட் வண்டி எவ்வளவோ மேல். வடிவம் துல்லியம், ஒரு மாலையில் பத்து வண்டி பூட்டிவிடலாம். விளிம்பெல்லாம் லேசர் கரி. தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் பசை கரியில் பிடிக்குமே தவிர மரத்தில் பிடிக்காது. தேய்த்த பிறகு ப்ளைவுட்டின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். விக்டரியில் வண்டிகளுக்கு மஞ்சள் காவி நிறம் என்பதால் பெயின்ட் அதை மறைத்துவிடும். மரத்தின் நிறத்திலேயே விட நினைப்பவர்களுக்கு ப்ளைவுட் ஒத்துவராது.

நான் கடைசியில் வெட்பாலை மரத்தில் செய்தேன். சன்னபட்டணம் பொம்மைகள் கடைகிற அதே மரம். அசல் வண்டிகள் எல்ம் மரத்தில் செய்தவை. ஆனால் இந்த அளவில் அசல் மரத்தைவிட ரேகை தெரியாத மரம்தான் முக்கியம். கிட்களில் தாராளமாக வரும் வால்நட்டின் ரேகை 20 மி.மீ. பலகையில் போட்டால் பெரிய விரிசல் போலத் தெரியும். வெட்பாலை வெண்மையாக, நெருக்கமாக இருக்கிறது. கத்திக்கு இளகிக் கொடுக்கிறது. பேரி மரம் கிடைப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பலகையாக வெட்டினால் எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. ஒரு நீளக் கட்டையை எடுத்து, அதன் முழு நீளத்துக்கும் படிகளையும் அடிப்பக்க வளைவையும் முதலிலேயே செதுக்கிவிட வேண்டும். பிறகு மைசூர்பாகுக்கு வில்லை போடுவது போல நறுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு ஒரு கட்டையில் 16 பலகை வந்தது, அத்தனையும் ஒரே அச்சு. பூட்டுவதற்கு, பலகைகள் பின்னால் விரியும் கோணத்தில் அவற்றைப் பிடித்துவைக்கும் ஒரு ஜிக் (தாங்குசட்டம்). ஜிக் செய்ய ஒரு நாள் முழுக்கப் போனது. அதற்கப்புறம் வண்டி ஒன்றுக்கு அரை மணி நேரம்தான்.

ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். முதல் எட்டு வண்டியையும் சக்கரம் வரை ஒட்டி முடித்த பிறகுதான் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். குழலின் வாய் ஜன்னலின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு நின்றது. அச்சுக்கட்டைகளை முக்கால் மி.மீ. அரத்தால் இறக்கினேன், எட்டு வண்டிக்கும் இரண்டு வாரம். அதனால் ஒரே ஒரு வண்டியைப் பசை இல்லாமல் கோத்து, குழலை வைத்து, கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்று இடத்திலும் ஜன்னலின் நடுவில் வாய் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு ஜிக்கைச் செய்யுங்கள்.

எல்லாப் பீரங்கிக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. கீழ்த்தளம், நடுத்தளத்தின் 58-ல் வெளியே தெரிவது முன்பகுதி மட்டும்தான். அங்கே உள்ளே ஒரு கட்டையை ஒட்டி, அரைக்குழலைச் செருகினால் போதும். திறந்த தளத்தில் நிற்கும் 16-க்கும், மேல்தளத்தின் நடுவில் மேலிருந்து பார்த்தால் தெரியும் சிலவற்றுக்கும்தான் முழு வண்டி. மீதியில் லேசர் வண்டி போதும்.

சுடும்போது பீரங்கி பின்னால் உதைப்பதைத் தாங்கும் வடத்தையும் கவனியுங்கள். 32 பவுண்டருக்கு அது ஏழு அங்குலச் சுற்றளவு, 1:72-ல் 0.8 மி.மீ. தடிமன். கிட்டில் வந்த நூல் அதில் பாதிகூட இல்லை. 12 பவுண்டருக்கு இதைவிட மெல்லிய நூல் போதும். மெழுகு தேய்த்து, தளத்தில் தன் எடையில் தொய்ந்து கிடப்பது போல வளைத்து, நீர்த்த பசையை ஒரு சொட்டு வைத்தால் அப்படியே நிற்கும்.