நான்கு குளிர்காலங்களும் ஒரு சூடேற்றிய அறையும்

டொரொண்டோவில் ஜனவரி மாலை. வெளியே மைனஸ் 15 டிகிரி. பஸ்ஸிலிருந்து இறங்கி, பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு ஒரு கதவைத் திறந்தால் உள்ளே 40 டிகிரி. உண்மையைச் சொன்னால், நான் முதன்முதலில் ஹாட் யோகாவுக்குப் போனது அந்தக் கதவுக்காகத்தான். மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "இங்கே சித்திரையில் சும்மா கிடைப்பதற்கு அங்கே மாதாமாதம் பணம் கட்டுகிறாயாடா?"

நான்கு குளிர்காலங்கள் ஆகிவிட்டன. வாரம் மூன்று வகுப்பு; இன்னும் போகிறேன். ஆனால் சேரலாமா என்று யாராவது கேட்டால் முதலில் என் இடது தொடையின் கதையைத்தான் சொல்கிறேன்.

நான் செய்வது 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட பழைய வரிசை. 90 நிமிடம், ஈரப்பதம் 40 விழுக்காடு. கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பியது. அவர்மீது பாலியல் வன்முறைப் புகார்கள் எழுந்தபின் பல நிலையங்கள் அவர் பெயரைப் பலகையிலிருந்து இறக்கிவிட்டன. ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சூட்டறை நம் பழைய மரபு என்று யாராவது அளந்தால் நம்ப வேண்டாம்; இதன் வயது ஏறக்குறைய என் வயதுதான்.

தொடைக்கு வருகிறேன். மூன்றாவது மாதம், பாதஹஸ்தாசனம். வீட்டில் குனிந்தால் விரல்கள் கணுக்காலோடு நின்றுவிடும். அந்த அறையிலோ இருபதாவது நிமிடத்தில் நெற்றி முழங்காலைத் தொட்டது. "இன்னும் கொஞ்சம்" என்று பயிற்சியாளரின் குரல். நானும் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அன்றிரவு ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோது பிட்டத்தின் அடியில் சுருக்கென்றது. தொடையின் பின்தசை எலும்போடு சேரும் இடத்தில் தசைநாண் கிழிந்திருந்தது. ஐந்து மாதம் பிசியோதெரபி. காரில் போனால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. சூட்டில் தசை இளகுகிறது, 'போதும்' என்று உடம்பு எச்சரிப்பதும் மந்தமாகிவிடுகிறது. அன்று நான் குனிந்ததில் பாதி அறையின் உபயம். இப்போதெல்லாம் வீட்டில் எதுவரை குனிய முடிகிறதோ, வகுப்பில் அதைவிட ஒரு விரற்கடைதான் கூடுதல்.

தண்ணீரிலும் இதே ஏமாற்றம்தான். நிறைய வியர்க்குமே என்று ஒருநாள் வகுப்புக்குச் சற்று முன் இரண்டு லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனேன். பாதியில் குமட்டல், இரவெல்லாம் தலைவலி. பிறகுதான் எடை பார்க்கத் தொடங்கினேன்: போகும்போது 71.2 கிலோ, வரும்போது 70.1. இடையில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக வியர்வை 1.6 லிட்டர். அதோடு உப்பும் போகிறது. அந்த இடத்தில் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. இப்போது மதியத்திலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீர், வகுப்பு முடிந்ததும் உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர். (அந்த 1.1 கிலோவை 'எடை குறைந்தது' என்று கொண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மோர் உள்ளே போனதும் அது திரும்பி வந்துவிடும்.)

சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஒருமுறை அவசரத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். உஷ்ட்ராசனத்தில் பின்னால் வளைந்தபோது சாம்பார் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது.

சாப்பிடாமல் போனாலும் அந்த ஆசனத்தில் பலருக்குத் தலை சுற்றும். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்; சட்டென்று எழுந்தால் தலைக்கு இரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் எழுந்து கதவை நோக்கி ஓடுவதுதான் பெரிய தவறு. விரிப்பிலேயே உட்கார்ந்து, பிறகு படுத்துவிட வேண்டும். படுத்தும் தெளியாவிட்டாலோ, உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தாலோ யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். பேச்சுக் குழறினால் உடனே உடம்பைக் குளிர்வித்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

நான் முதலில் சேர்ந்த நிலையத்தில், பயிற்சியாளர் சொல்லும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது, அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி இருந்தது. மாதக் கட்டணம் வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று விலகினேன். இப்போது போகும் இடத்தில் முதல் வகுப்பிலேயே, "முடியவில்லையென்றால் படுங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்" என்றார்கள். புதியவர்களைக் கதவருகே, காற்று சற்று ஓடும் இடத்தில் விரிக்கச் சொல்கிறார்கள். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் பிடிக்கும். மூன்று வாரம் விடுபட்டால் நானும் மறுபடி கதவருகேதான். கர்ப்பிணிகளும், இதயக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே நுழையக்கூடாது. காய்ச்சல் இருந்தால் யாருமே போகக்கூடாது.

சாமான்கள் அதிகமில்லை. விரிப்பின் மேல் முழுநீளத் துண்டு போடாவிட்டால் கால் வழுக்கும். பருத்திச் சட்டை நனைந்து கல்லாகக் கனக்கும். வீட்டுக்கு வந்ததும் துண்டைத் துவைக்காமல் பையிலேயே விட்டால் மறுநாள் பையையும் சேர்த்துத் தூக்கி எறியத் தோன்றும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சந்தாவை நிறுத்தி வைத்திருக்கிறேன். டொரொண்டோவில் அந்த மூன்று மாதங்களுக்கு வெயில் இலவசம். அம்மாவிடம் அதை ஒப்புக்கொண்டாயிற்று.