கூகுள் ஸ்காலர் பக்கம்: வைத்திருக்கலாம், ஆனால் அதுவே தீர்ப்பு இல்லை

மட்டக்களப்பில் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வு செய்கிறேன். பதவி உயர்வோ ஆய்வு நிதியோ, எதற்கு விண்ணப்பித்தாலும் "உங்கட ஸ்காலர் லிங்க் இருக்கா?" என்று இப்போது கேட்கிறார்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் சேவை; அதில் ஓர் ஆய்வாளர் தனக்கென்று பக்கம் திறந்தால், அவருடைய கட்டுரைகளையும் அவற்றை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதையும் அது காட்டும். அதைப் பல வருடமாகப் பாவிக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

முதலில் நல்லது. கூகுள் ஸ்காலர் 2004இல் வந்தது, ஆய்வாளர் பக்கம் 2011இல் எல்லோருக்கும் திறந்தது. காசு கேட்பதில்லை. இதே போல மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸையும் வெப் ஒஃப் சயன்ஸையும் முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் உள்ளூர் சஞ்சிகைகளில்தான் நிறைய எழுதுகிறோம். அவற்றில் பல, மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் ஏறுவதில்லை. ஸ்காலர் அவற்றைப் பிடிக்கிறது, பட்டப்படிப்பு ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் கூடப் பிடிக்கிறது. நம் வைத்தியசாலை நோயாளி ஒருவரைப் பற்றிய கட்டுரையை எங்கோ ஒரு மாணவர் தன் ஆய்வேட்டில் சுட்டியிருந்தால், அதை முதலில் எனக்குச் சொல்வது ஸ்காலர்தான். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பெயர் விஷயத்தில்தான் சேவை தடுமாறுகிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஒரு சஞ்சிகை அதைத் திருப்பிப் போடும், இன்னொன்று முதலெழுத்தை விட்டுவிடும். கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு இரண்டு ஆட்கள் போலக் கட்டுரைகள் பிரிந்து கிடக்கும். அம்பாறைப் பக்கம் வேறு பிரச்சினை. சம்மாந்துறைக்காரரான என் சக ஆய்வாளர் ஒருவரின் பெயரில் முகம்மது இருக்கிறது. அவருடைய பக்கத்தில் எங்கிருந்தோ கொங்கிரீட் பற்றிய பொறியியல் கட்டுரைகள் வந்து உட்கார்ந்திருந்தன! கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றினோம். எல்லோரும் இதை முதல் நாளே செய்ய வேண்டும். ஒரே கட்டுரை இரண்டு தரம் வந்தால் இணைக்கலாம், ஆனால் வெவ்வேறு கட்டுரைகளை இணைத்துவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும்.

இனி, அந்தப் பக்கம் காட்டும் எச்-இன்டெக்ஸ் என்ற எண். அதை 2005இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 10. எளிதாக விளங்கும், அதனாலேயே ஆபத்து.

எங்கள் மாவட்டத்துக்கு முக்கியமான மெலியோய்டோசிஸை எடுங்கள். 1912இல் விட்மோரும் கிருஷ்ணசாமியும் ரங்கூனில் விவரித்த நோய் அது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பற்றீரியாவால் வருகிறது, வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளிகளை மோசமாகத் தாக்குகிறது. இதை ஆய்வு செய்பவர்கள் உலகத்திலேயே குறைவு என்பதால் மேற்கோள்களும் குறைவு. புற்றுநோய் ஆய்வுக் கூட்டத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. இன்னொரு பக்கம், உலக நோய்ச்சுமை ஆய்வு போல நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்ட கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கும். முதல் ஆசிரியருக்கும் நூறாவது ஆளுக்கும் ஸ்காலர் ஒரே கணக்குத்தான் போடுகிறது. தன்னைத்தானே மேற்கோள் காட்டுவதையும் கழிப்பதில்லை, ஸ்கோபஸில் அதைக் கழித்துப் பார்க்கலாம்.

"அக்கா, எனக்கு எச் 4 தான் காட்டுது, விண்ணப்பிக்கவே வெட்கமா இருக்கு" என்றாள் ஒரு இளம் விரிவுரையாளர். அவளோடு உட்கார்ந்து ஐசைட்டைத் திறந்தோம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இலவசச் சேவை அது. பப்மெட்டில் உள்ள கட்டுரையை அதே துறையோடு ஒப்பிட்டு எண் தருகிறது. அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் கட்டுரைக்கு 1. அவளுடைய ஒரு கட்டுரை அதைத் தாண்டி நின்றது. ஸ்காலர் பக்கத்தைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பப்மெட்டில் இல்லாத உள்ளூர் கட்டுரைகளுக்கு ஐசைட் உதவாது, அதற்கு ஸ்காலர்தான்.

கூடவே, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஓர்கிட் எண்ணும் எடுங்கள். 16 இலக்கம், 2012இலிருந்து இருக்கிறது. மேற்கோளை எண்ணாது, ஆனால் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் ஓரிடத்தில் பதியலாம். கட்டுரை அனுப்பும்போதே அந்த எண்ணைக் கொடுத்தால் பெயர்க் குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

ஸ்காலரிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டுதான். ஆசிரியர் வரிசையில் நம் இடம் எது என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். சொந்த மேற்கோளைக் கழித்துப் பார்க்க ஒரு பொத்தான் வேண்டும். அதுவரை, விண்ணப்பத்தில் எச்-இன்டெக்ஸை எழுதும்போது அதற்குக் கீழே உங்கள் சிறந்த மூன்று கட்டுரைகளையும், அவற்றில் நீங்கள் செய்த வேலையையும் எழுதுங்கள். தெரிவுக்குழுவில் இருக்கும் சேர்மார், மிஸ்மாரும் அதை முதலில் வாசிக்க வேண்டும்.