தீயணைப்பு வண்டி இறக்குமதி செய்பவர்கள் மீதிப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தான்சானியாவில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எண்ணெய் டேங்க் பற்றிக்கொண்டால் வெறும் தண்ணீரால் அணைக்க முடியாது, நுரை வேண்டும். தண்ணீரும் நுரைத் திரவமும் ஏற்றும் வண்டி ஒன்றைச் சீனாவில் ஆர்டர் செய்தோம்.

வூஹானுக்கு வடமேற்கே சுய்சோ என்றொரு ஊர். குப்பை லாரி, தண்ணீர் லாரி, தீயணைப்பு வண்டி என்று நிறைய அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. சேஸி, அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிவண்டி, வெளியூரிலிருந்து வரும்; ஹோவோ என்ற சீன லாரி என்றால் ஜினான் நகரிலிருந்து. சுய்சோவில் டேங்கும் பம்பும் ஏற்றுவார்கள். அதில் தப்பில்லை. ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் என்ற தீயணைப்பு வண்டி நிறுவனமும் மான், ஸ்கானியா லாரிகளின் சேஸிகளில் வண்டி கட்டுகிறது. தப்பு எங்கே என்றால், எங்களிடம் "சொந்தத் தொழிற்சாலை" என்றவர்கள் வெறும் இடைத்தரகர்கள். வீடியோவில் காட்டிய பட்டறை வேறு யாருடையதோ. 30% அட்வான்ஸ் கட்டச் சொன்ன கணக்கு ஹாங்காங்கில் வேறொரு பெயரில் இருந்தது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வண்டி வந்த அன்று டேங்கின் வடிகால் வால்வைத் திறந்தேன். டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. துருவோ என்று சந்தேகப்பட்டு நுரை டேங்கின் உள்சுவரில் ஒரு காந்தத்தை வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. அவர்கள் சொல்லியிருந்த 304 ரக எவர்சில்வர் என்றால் அப்படிக் கவ்வாது. சாதாரண இரும்புக்கு உள்ளே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நுரைத் திரவம் அதைச் சீக்கிரமே அரித்துவிடும்.

அப்புறம் ஹோஸ். எங்கள் ஆலை முழுக்க பிரிட்டிஷ் முறைக் கப்ளிங் (ஹோஸை மாட்டும் இணைப்பு). வண்டியோடு வந்ததோ சீன வகை. பன்னிரண்டு ஹோஸையும் சிமென்ட் தரையில் விரித்துப் பார்த்தோம், ஒன்றுகூட எங்கள் ஹைட்ரண்டில், அதாவது தீயணைப்புத் தண்ணீர்க் குழாயில், மாட்டவில்லை. பம்ப் மட்டும் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

விற்றவர்களிடம் கேட்டதற்கு, "ஒப்பந்தத்தில் எஃகு டேங்க் என்றுதானே இருக்கிறது" என்றார்கள். 304 என்று அவர்கள் சொன்னதெல்லாம் சாட்டில் மட்டும்தான். இரண்டு அடாப்டர் அனுப்புவதாகச் சொன்னவர்கள் அப்புறம் பதிலே போடவில்லை.

உலோக ரகம், தகட்டின் கனம், கப்ளிங் வகை மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். சீன வணிக உரிமத்தை வாங்கி, தொழில் விவரத்தில் உற்பத்தி என்று இருக்கிறதா, வெறும் வியாபாரமா என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். மீதி 70% கட்டும் முன் உங்கள் செலவில் ஓர் ஆய்வாளரை அனுப்புங்கள், அவர் கையில் காந்தம் இருக்கட்டும்.

நுரை டேங்கை இப்போது காலியாக வைத்திருக்கிறோம். திரவம் பீப்பாய்களில், வண்டிக்குப் பக்கத்தில். புது டேங்கை உள்ளூர்ப் பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறோம்.