சாரல் காலத்தில் பூனைக்கு எந்த மண்?

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் செங்கோட்டையில் எதுவும் காயாது. துவைத்த வேட்டி மூன்று நாள் கொடியில் கிடக்கும், உப்பு ஜாடி தண்ணீர் விடும். எங்கள் வீட்டுப் பூனை மாப்பிள்ளை கண்ட இடத்தில் ஒன்றுக்கு இருக்கத் தொடங்கியதும் போன வருடச் சாரலில்தான். முதல் நாள் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய், மறுநாள் அழுக்குத்துணிக் கூடை, அதற்கடுத்த நாள் அரிசிச் சாக்கு. அவன் போவதற்கென்று வைத்த டப் நிறைய மணல் அப்படியே இருந்தது. “திமிரு, வேற என்ன? பேரு அப்படி வச்சா புத்தி எப்படி இருக்கும்” என்றாள் ஆச்சி.

மண்ணை மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். நின்றபடி வாலைத் தூக்கி நடுங்கவிட்டுச் சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிக்கிற வேலை. அதற்கு எந்த மண்ணும் மருந்தாகாது, கருத்தடைதான் வழி. ஆண் பூனைகளில் பத்துக்கு ஒன்பது அதோடு விட்டுவிடும். மாப்பிள்ளைக்கு அது எப்போதோ முடிந்தாயிற்று. அவன் குத்தவைத்துத்தான் போனான். இரண்டாவது, அடிக்கடி போய் முக்குகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா, கத்துகிறதா, ரத்தம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அப்போது மணலா களிமண்ணா என்று அலசிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாப்பிள்ளையைக் காட்டினோம், சோதனையில் ஒன்றுமில்லை. சரி, இனி மண்.

முதலில் நாங்கள் வழக்கமாகப் போட்ட ஆற்று மணல். பூனைக்கு இது பிடிக்கும். அதன் முன்னோர் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். 1947-இல் அமெரிக்காவில் எட் லோவ் என்பவர் களிமண் துகளைப் பையில் போட்டு விற்கத் தொடங்குவதற்கு முன் அங்கேயும் மணலும் சாம்பலும்தான். சித்திரையில் மணலைப் போல ஒன்று கிடையாது. மொட்டைமாடியில் கொட்டினால் வெயில் பார்த்துக்கொள்ளும். ஆனால் மணல் மூத்திரத்தை உறிஞ்சாது, கீழே விட்டுவிடும். ஆடியில் ஒருநாள் கொத்துக்கரண்டியால் டப்பைக் கிளறினேன். மேலே இரண்டு விரல்கடைக்குப் பழுப்பு மணல், வாடையே இல்லை. அதற்குக் கீழே கறுத்துச் சேறாகி, குனிந்த மாத்திரத்தில் கண் எரிந்தது. தோண்டிப் பார்க்கிறவன் அவன், மேலாக மோந்து பார்த்துச் “சுத்தமாத்தான இருக்கு” என்று சொன்னவன் நான்.

எம்.சாண்டை மட்டும் முயல வேண்டாம். உடைத்த பாறைதானே, முனை குத்தும். மாப்பிள்ளை ஒரு காலை வைத்து எடுத்து உதறிவிட்டுப் போனான்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. 1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, ஆகவே பாதி வீடுகளுக்குப் புனலூரில் சொந்தம் உண்டு. எங்களுக்கு மதினி. “அங்க கிடக்க மணலைத் தூரப் போடுங்க, நாங்க பூச்சைக்கு இதைத்தான் போடுறோம்” என்று பதின்மூன்று கண் பாலம் தாண்டி ரயிலில் ஒரு மூட்டை கொண்டுவந்தார். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கிற பொருள் அது. மிருதுவாக இருக்கும், வாடையும் பிடித்துக்கொள்ளும், மாப்பிள்ளையும் முதல் நாளே ஏற்றுக்கொண்டான். குறை என்னவென்றால் அது மூத்திரத்தை மட்டும் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையும் குடிக்கிறது. ஐந்தாம் நாள் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். காலில் ஒட்டிக்கொண்டு வந்து சமையலறை முழுக்கக் காப்பித்தூள் சிந்தினாற்போல் கிடந்தது. கோடையில் மதினி சொல்வது சரி. சாரலில் சரியில்லை. இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மரத்தூள் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அறுவை மில்லில் எந்த மரத்தை அறுத்தார்கள், என்ன பூச்சிமருந்து அடித்த மரம் என்பது நமக்குத் தெரியாது; தூசி மூக்கில் ஏறும். தூளை அழுத்திச் செய்த மரக்குச்சி அதைவிட மேல், ஆனால் சில பூனைகளுக்கு அந்த உருளைமேல் கால் வைக்கப் பிடிப்பதில்லை. ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா முத்துகளும் ஈரக்காற்றிலேயே பாதி தீர்ந்துவிடும். செய்தித்தாள் ஆத்திர அவசரத்துக்கு மட்டும்.

கடைசியில் பென்டோனைட், அதாவது நனைந்தால் கட்டியாகிற களிமண். குஜராத்தின் கச்சில் வெட்டியெடுக்கும் மண்தான். விலை உறைக்கும், தூக்கவும் கனம். ஆனாலும் சாரலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூத்திரம் அடிக்கு இறங்குமுன் மண் வீங்கி அதைச் சுற்றிக்கொள்கிறது. காலையும் மாலையும் உருண்டையை மட்டும் அள்ளி எறிந்தால் மிச்சம் உலர்ந்தே இருக்கிறது. வாசனை போட்டதை வாங்காதீர்கள். மல்லிகை வாசனை நமக்குத்தான், அதன் மூக்குக்கு அது தொந்தரவு. மூன்று விரல்கடை ஆழம் போதும். கட்டியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றன்றே அள்ளிவிடுவது நல்லது.

இத்தனை செய்தும் வாரத்துக்கு ஒருமுறை பாய் நனைந்துகொண்டிருந்தது. பிறகுதான் உறைத்தது. மழைச்சாரல் அடிக்கிறது என்று பின்தாழ்வாரத்து டப்பை உள்ளே கொண்டுவந்து கிரைண்டர் பக்கத்தில் வைத்தது நான்தான். இட்லிக்கு ஆட்டுகிற நாளில் அது முக்கால் மணி நேரம் உறுமும். கொல்லைக் கதவு இடுக்கில் ஒன்று, மச்சுப்படி அடியில் ஒன்று என இரண்டு டப் வைத்தபின் நனைவது நின்றது. ஒரு பூனைக்கு இரண்டு என்பதுதான் கணக்கு. டப்பின் நீளம் மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து அதில் ஒன்றரைப் பங்கு. கடையில் பூனைக்கென்று விற்பது பெரும்பாலும் சின்னது, பாத்திரக் கடைத் துணி ஊறவைக்கிற டப்பே மேல். மூட்டுவலிக் கிழப்பூனை என்றால் ஒரு பக்கம் தாழ வெட்டிவிடுங்கள்.

நனைந்த இடத்தைக் கழுவுவதிலும் இரண்டு கட்சி. ஆச்சி கட்சி பினாயில். அதிலுள்ள ஃபீனாலை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. காலில் பட்டதை நக்கினால் விஷம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை. சோப்புத் தண்ணீர் நம் மூக்கை மட்டும் ஏமாற்றும்: யூரிக் அமில உப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது, அடுத்த ஈரக்காற்றில் மறுபடி மணக்கும், பூனையும் அங்கேயே வரும். என்சைம் திரவம்தான் அதை உடைக்கிறது. ஊற்றியதும் துடைக்காமல் ஊறவிட வேண்டும். கோரைப்பாய்க்கு அதுவும் பலிக்கவில்லை, எரித்துவிட்டோம்.

மதினி கொண்டுவந்த மூட்டையில் மிச்சமிருந்த நார்க்கழிவு கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போனது. “மாப்பிள்ளை என்ன சொல்லுதான்?” என்று அவர் போனில் கேட்டால், பங்குனியில் இன்னொரு மூட்டை வேண்டும் என்று சொல்லிவைக்கிறேன்.